கிளிக்ஹவுஸ் கிளஸ்டர் திணறும்போது எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கேட்கப்பட்டது இதுதான். ஆறு சர்வர்களில் கிளிக்ஹவுஸ் என்ற டேட்டாபேஸ் ஓடுகிறது. 3 ஷார்டு (டேட்டாவின் பங்கு), ஷார்டுக்கு 2 ரெப்ளிகா (ஒரே பங்கின் நகல்). முதல் மூன்று சர்வர்களிலேயே ரெப்ளிகாக்களை ஒருங்கிணைக்கும் கீப்பரும் இருக்கிறது, அதுவும் டேட்டா இருக்கும் அதே டிஸ்க்கில். நாற்பது சிறு சர்வீஸ்கள் ஆளுக்கு ஒரு பக்கமாக நேரடியாக எழுதுகின்றன. டேபிள்கள் நாள் வாரியாகப் பார்ட்டிஷன் செய்யப்பட்டிருக்கின்றன. சில வாரங்களாக 'டூ மெனி பார்ட்ஸ்' பிழை வருகிறது. சில டேபிள்கள் திடீரென 'ரீட் ஒன்லி' ஆகிவிடுகின்றன. டாஷ்போர்டை ரிஃப்ரெஷ் செய்தால் ஒரே குவெரிக்கு வேறு வேறு எண் வருகிறது. ரீஸ்டார்ட் செய்தால் சில மணி நேரம் நன்றாக இருக்கிறது, அப்புறம் பழையபடி ஆகிவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

ரீஸ்டார்ட்டை நிறுத்துவதிலிருந்து தொடங்குங்கள். கண்டிப்பாகச் சொல்கிறேன். கிளிக்ஹவுஸ் எழும்போது ஒவ்வொரு டேபிளின் எல்லாப் பார்ட்களையும் (டேட்டா சேமிக்கப்படும் துண்டுகளை) டிஸ்க்கிலிருந்து படித்துக் கணக்கெடுக்கும். ரெப்ளிகேட் ஆகும் டேபிள் என்றால், தன்னிடம் உள்ள பார்ட்களின் பட்டியலைக் கீப்பரில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டும் பார்க்கும். பார்ட்கள் பல்லாயிரம் இருக்கும்போது ஆறு சர்வர்களும் ஒன்றாக எழுந்தால், ஏற்கெனவே மூச்சுத் திணறும் கீப்பரின் மேல் இன்னொரு பாரம் ஏறுகிறது. அந்தச் சில மணி நேர நிம்மதியும் உண்மையில் ரீஸ்டார்ட் தந்தது இல்லை. ரீஸ்டார்ட்டின்போது புது இன்சர்ட் நின்றது, அது முழு வேகத்தில் திரும்பும் முன் பார்ட்களை ஒன்றாக்கும் மெர்ஜ் வேலை கொஞ்சம் எட்டிப் பிடித்தது, அவ்வளவுதான். இன்னொரு நஷ்டமும் உண்டு. சிஸ்டம் டேட்டாபேஸில் 'எரர்ஸ்' என்ற டேபிள் எந்தப் பிழை எத்தனை முறை வந்தது, கடைசியாக என்ன செய்தியோடு வந்தது என்று எண்ணி வைத்திருக்கும். சர்வர் விழுந்து எழுந்தால் அந்தக் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த மெர்ஜ், ஓடிக்கொண்டிருந்த குவெரி எதுவும் பார்க்கக் கிடைக்காது. தடயத்தை நாமே துடைத்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்வது எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. கிளஸ்டர் என்று ஒன்று நம்மிடம் பேசுவதில்லை. பேசுவது ஏதோ ஒரு நோடு, அதாவது ஒரு சர்வர். பிழைச் செய்தி வரும் நோடு வலியைச் சொல்கிறது, வேர் பெரும்பாலும் வேறு நோடில் இருக்கிறது. 'கிளஸ்டர் மெதுவாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது 'எந்த நோடு?' என்றுதான். உங்கள் மூன்று புகார்களில் முதல் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று சந்தேகிக்கிறேன். மூன்றாவதற்கு மட்டும் தனிக் காரணம் இருக்கலாம்.

சரி, பார்ட்களுக்கு வருவோம். கிளிக்ஹவுஸின் வழக்கமான மெர்ஜ் ட்ரீ வகை டேபிளில் ஒரு இன்சர்ட் போனால், அது தொடும் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் டிஸ்க்கில் ஒரு புது பார்ட் உருவாகிறது. ஒரு பதிவை எழுதினாலும் ஒரு லட்சம் பதிவை எழுதினாலும் ஒரு பார்ட்தான். மளிகைக் கடையில் ஒவ்வொரு விற்பனையையும் துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, பிறகு ஓய்வான நேரத்தில் பேரேட்டில் ஏற்றுவார்களே, அதே முறைதான். பின்னணியில் ஓடும் மெர்ஜ்தான் சீட்டுகளைப் பேரேட்டில் ஏற்றும் ஆள். சீட்டு விழும் வேகம் ஏற்றும் வேகத்தைத் தாண்டினால் பெட்டி நிரம்பிவிடும். ஒரே பார்ட்டிஷனில் உயிருள்ள பார்ட்கள் ஓர் அளவைத் தொட்டதும் கிளிக்ஹவுஸ் முதலில் இன்சர்ட்டை வேண்டுமென்றே தாமதப்படுத்தும், அதையும் தாண்டினால் 252 என்ற எண்ணோடு பிழை எறியும். பழைய வெர்ஷன்களில் இந்த எல்லைகள் 150, 300. இப்போது 1000, 3000.

பிழை வந்ததும் பலரும் செய்வது அந்த 3000-ஐ 10000 ஆக்குவது. நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். அன்றிரவு இன்சர்ட்கள் தடையில்லாமல் போயின, எல்லோரும் தூங்கப் போனோம். மறுநாள் வேறு காரணத்துக்காக ஒரு சர்வரை நிறுத்தி ஏற்ற வேண்டி வந்தது. அது பார்ட்களை எல்லாம் எண்ணி முடித்து எழ அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை அதன் ஜோடி ரெப்ளிகா ஒற்றை ஆளாக எல்லாக் குவெரிகளையும் தாங்கியது. அந்த எல்லை ஒரு எச்சரிக்கை மணி. அதைத் தள்ளி வைத்தால் சத்தம்தான் குறையும், சீட்டு குறையாது.

நீங்கள் பார்க்க வேண்டியது, சீட்டு ஏன் இத்தனை விழுகிறது, அல்லது ஏற்றுகிற ஆள் ஏன் நின்றுவிட்டார் என்பதை. இரண்டும் தனித்தனிக் கேள்விகள்.

முதலாவதற்கு உங்கள் வர்ணனையிலேயே பாதி பதில் இருக்கிறது. நாற்பது சர்வீஸ்கள் ஆளுக்கு விநாடிக்கு ஒரு இன்சர்ட் அனுப்பினால் நிமிடத்துக்கு 2400 இன்சர்ட். நாள் வாரிப் பார்ட்டிஷன் என்பதால், தாமதமாக வரும் பழைய நிகழ்வுகள் ஒரு தொகுப்பில் மூன்று நாட்களைத் தொட்டால் அந்த ஒரே இன்சர்ட் மூன்று பார்ட்களாகப் பிரியும். யாராவது பழைய மாதத்தின் டேட்டாவைத் திரும்ப ஏற்றினால் ஒரு இன்சர்ட்டுக்கு முப்பது. ஒரு இன்சர்ட்டில் குறைந்தது ஆயிரம் பதிவு, முடிந்தால் பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் வரை இருக்க வேண்டும் என்பதுதான் கிளிக்ஹவுஸ் செய்தவர்கள் சொல்லும் அளவு. அனுபவத்தில் அது சரியான அளவு. பார்ட்டிஷன் மாதவாரியாக இருந்தால் பெரும்பாலானோருக்குப் போதும். பார்ட்டிஷன் என்பது பழைய டேட்டாவைக் கூட்டமாகத் தூக்கிப் போட வசதிக்காக வைத்தது, குவெரி வேகத்துக்காக வைத்தது இல்லை. வேகத்தைத் தருவது 'ஆர்டர் பை'-யில் நீங்கள் கொடுக்கும் வரிசை.

நாற்பது சர்வீஸ்களையும் மாற்றி எழுத முடியாது என்று சொல்வீர்கள். புரிகிறது. 'அசிங்க் இன்சர்ட்' (async_insert) செட்டிங்கை இயக்குங்கள். அப்போது சிறு சிறு இன்சர்ட்களைச் சர்வரே நினைவகத்தில் சேர்த்து வைத்து ஒரே பார்ட்டாக எழுதும். ஆனால் 'வெயிட் ஃபார் அசிங்க் இன்சர்ட்' என்பதை 1-லேயே விடுங்கள். வேகத்துக்காக அதை 0 ஆக்கினால், டேட்டா டிஸ்க்குக்குப் போய்ச் சேரும் முன்பே 'சரி' என்று பதில் வந்துவிடும். பிறகு எழுதும்போது தவறினால் சர்வீஸுக்குத் தெரியவே தெரியாது. இந்த ஒரு எழுத்து மாற்றத்தால் டேட்டா தொலைந்ததைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

மெட்டீரியலைஸ்டு வியூ (ஒரு டேபிளில் விழுவதை உடனே மாற்றி இன்னொரு டேபிளிலும் எழுதும் குவெரி) இருந்தால் அதையும் எண்ணுங்கள். மூல டேபிளில் ஒரு இன்சர்ட் விழுந்தால், அதோடு கோத்திருக்கும் ஒவ்வொரு வியூவின் இலக்கு டேபிளிலும் ஒரு இன்சர்ட் விழுகிறது. பிழைச் செய்தியை முழுக்கப் படியுங்கள். வியூவுக்குள் தள்ளும்போது தவறியது என்று அதன் வாலில் இருக்கலாம். அப்படியானால் நெரிசல் மூல டேபிளில் இல்லை, எங்கோ மறந்துபோன ஒரு வியூவின் பின்னால் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி, ஏற்றுகிற ஆள் ஏன் நின்றுவிட்டார்? மெர்ஜ் நிற்கச் சில காரணங்கள்தான் உண்டு. டிஸ்க்கில் இடம் இல்லை, ஏனென்றால் ஒன்றாக்கிய புதுப் பார்ட் எழுதி முடியும்வரை பழைய பார்ட்களும் இருந்தாக வேண்டும். அல்லது ஒரு மியூட்டேஷன் நட்டுக்கொண்டு நிற்கிறது. 'ஆல்டர் டேபிள் அப்டேட்', 'ஆல்டர் டேபிள் டெலீட்' என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோம், உள்ளே அது சம்பந்தப்பட்ட பார்ட்களை முழுக்கத் திரும்ப எழுதும் வேலை. சிஸ்டம் டேட்டாபேஸில் 'மியூட்டேஷன்ஸ்' டேபிளைத் திறந்து முடியாமல் கிடப்பவற்றைப் பாருங்கள். கடைசித் தோல்விக்கான காரணம் அங்கேயே எழுதியிருக்கும். எண்ணாக மாற்ற முடியாத எழுத்தை எண்ணாக்கச் சொன்ன ஒரு மியூட்டேஷன் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருப்பது அபூர்வம் இல்லை. 'கில் மியூட்டேஷன்' கொடுத்து அதை எடுத்துவிடலாம்.

மூன்றாவது காரணம் கீப்பர். உங்கள் கதை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ரெப்ளிகேட் ஆகும் டேபிளில் எந்தப் பார்ட்களை ஒன்றாக்குவது என்ற முடிவு கீப்பரில் உள்ள பொதுப் பதிவேட்டில் எழுதப்படும். ஒவ்வொரு ரெப்ளிகாவும் அதைத் தன் க்யூவுக்கு இழுத்துக்கொண்டு வேலை செய்யும். ஆகவே கீப்பர் தாமதித்தால் மெர்ஜ் தாமதிக்கும், மெர்ஜ் தாமதித்தால் பார்ட்கள் குவியும். அதே நேரம் ஒவ்வொரு இன்சர்ட் பிளாக்கும் கீப்பரில் ஏறக்குறைய பத்து உருப்படிகளைச் சேர்க்கிறது. உங்கள் நாற்பது சர்வீஸ்கள் விநாடிக்கு 400 உருப்படி எழுதவைக்கின்றன, பதிவு எத்தனை என்பது இங்கே பொருட்டே இல்லை. சிறு இன்சர்ட் கீப்பரை அழுத்துகிறது, கீப்பர் மெர்ஜை நிறுத்துகிறது, மெர்ஜ் நின்றால் பார்ட் குவிகிறது. ஒன்று மற்றொன்றைத் தள்ளிக்கொண்டே போகும் வட்டம்.

இதில் டிஸ்க் எங்கே வருகிறது? கீப்பரின் மூன்று நோடுகளில் குறைந்தது இரண்டு, ஒரு மாற்றத்தைத் தங்கள் லாக்கில் எழுதி, அது டிஸ்க்கில் உண்மையாகவே பதிந்தது என்று உறுதி செய்த பிறகுதான் 'ஆயிற்று' என்று சொல்லும். எழுதும் அளவு மிகச் சிறியது. ஆனால் அதே டிஸ்க்கில் 50 ஜிபி மெர்ஜ் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், அந்தச் சிறு எழுத்து பெரிய லாரிகளின் பின்னால் மாட்டிய ஸ்கூட்டர் மாதிரி நிற்கும். தாமதம் நீண்டு, கிளிக்ஹவுஸுக்கும் கீப்பருக்கும் இடையிலான செஷன் காலாவதியானால், அந்த நோடில் உள்ள ரெப்ளிகேட் டேபிள்கள் 'ரீட் ஒன்லி' ஆகிவிடும். வழக்கமான காலக்கெடு 30 விநாடி. படிக்கலாம், எழுத முடியாது, பிழை எண் 242. கீப்பர் திரும்பப் பேசியதும் தானாகவே சரியாகிவிடும். அதனால்தான் 'திடீரென்று ஆகிறது, திடீரென்று போகிறது' என்று தோன்றுகிறது.

சந்தேகத்தை உறுதி செய்வது சுலபம். கீப்பரின் 9181 போர்ட்டுக்கு 'எம் என் டி ஆர்' (mntr) என்ற நாலெழுத்துக் கட்டளையை அனுப்புங்கள். சராசரித் தாமதம், அதிகபட்சத் தாமதம், வரிசையில் காத்திருக்கும் கோரிக்கைகள், மொத்த உருப்படிகள் எல்லாம் வரும். மூன்று நோடுகளிலும் தனித்தனியாக எடுத்து ஒப்பிடுங்கள். காத்திருப்போர் எண்ணிக்கை பூஜ்யத்தை ஒட்டி இல்லாமல் ஏறிக்கொண்டே போகிறது, அதே விநாடிகளில் அந்தச் சர்வரில் பெரிய மெர்ஜ் ஓடுகிறது என்றால் வேறு சாட்சி வேண்டாம். (கீப்பருக்குப் பதில் அதே வேலையைச் செய்யும் பழைய ஜூகீப்பரை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு: அதன் புதிய வெர்ஷன்களில் இந்தக் கட்டளைகளை அனுமதிப் பட்டியலில் நீங்களே சேர்க்க வேண்டும். பழைய ஸ்னாப்ஷாட்களைத் தானாக அழிக்கும் செட்டிங்கும் இயங்குகிறதா என்று பாருங்கள். அது இயங்காமல் டிஸ்க் நிறைந்து கிளஸ்டர் நின்ற கதைகள் நிறைய.)

டேபிள் 'ரீட் ஒன்லி' ஆகி, கீப்பர் நன்றாக இருந்தும் திரும்பவில்லை என்றால் அது வேறு வியாதி. கீப்பரில் அந்த டேபிளின் மெட்டாடேட்டாவே தொலைந்திருக்கும். யாரோ கீப்பரின் டைரக்டரியைச் சுத்தம் செய்திருப்பார்கள், அல்லது டிஸ்க் போயிருக்கும். பதற வேண்டாம். உங்கள் டேட்டா கீப்பரில் இல்லை, கிளிக்ஹவுஸ் டிஸ்க்கில்தான் இருக்கிறது. 'சிஸ்டம் ரீஸ்டோர் ரெப்ளிகா' என்ற கட்டளை உள்ளூரில் உள்ள பார்ட்களை வைத்துக் கீப்பரில் கணக்கைத் திரும்ப எழுப்பும். 'ரீட் ஒன்லி' நிலையில் உள்ள டேபிளில் மட்டுமே அது வேலை செய்யும். இது தெரியாமல் டேபிளை அழித்துப் புதிதாக உருவாக்கி, டேட்டாவை நிஜமாகவே இழந்தவர்கள் உண்டு.

ரெப்ளிகா பின்தங்கினால் பார்க்க வேண்டிய இடம் சிஸ்டம் டேட்டாபேஸின் 'ரெப்ளிகேஷன் க்யூ'. இதைப் போல மனம் திறந்து பேசும் டேபிள் வேறு இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை முறை முயன்றது, கடைசியாக என்ன பிழை வந்தது, ஏன் தள்ளிப்போட்டது என்று எழுதி வைத்திருக்கும். முயற்சி எண்ணிக்கை அதிகமாக உள்ளவற்றை மேலே கொண்டுவந்து படியுங்கள். அடிக்கடி கண்ணில் படுவது ஹோஸ்ட்பெயர் சிக்கல். ஒவ்வொரு ரெப்ளிகாவும் 'என்னிடம் பார்ட் வேண்டுமானால் இந்தப் பெயருக்கு வாருங்கள்' என்று தன் பெயரைக் கீப்பரில் எழுதி வைக்கும். மற்றது 9009 போர்ட் வழியாகப் போய் எடுத்துக்கொள்ளும். அந்தப் பெயர் மற்ற சர்வரிலிருந்து கிடைக்கவில்லை, அல்லது ஃபயர்வாலில் 9000-ஐத் திறந்தவர் 9009-ஐ மறந்துவிட்டார் என்றால், குவெரி எல்லாம் ஓடும், ரெப்ளிகேஷன் மட்டும் நிற்கும். 'இன்டர்சர்வர் ஹெச்டிடிபி ஹோஸ்ட்' செட்டிங்கில் சரியான பெயரைக் கொடுப்பதுதான் மருந்து. ஐபி மாறியது மட்டும்தான் என்றால் 'சிஸ்டம் டிராப் டிஎன்எஸ் கேஷ்' போதும்.

இப்போது மூன்றாவது புகார், ஒரே குவெரிக்கு இரண்டு எண். என்னைப் பொறுத்தவரை மூன்றில் இதுதான் ஆபத்தானது. மற்ற இரண்டும் சத்தம் போடுகின்றன, இது சத்தமில்லாமல் தப்பான பதிலைக் கொடுக்கிறது.

2025 நவம்பர் 18 அன்று, இணையதளங்களுக்குப் பாதுகாப்பு தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்துக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். அவர்களுடைய கிளிக்ஹவுஸ் கிளஸ்டரில் அனுமதி அமைப்பை மாற்றினார்கள், நோடு நோடாக. பாட்களை (மனிதர் போல இணையதளங்களுக்கு வரும் தானியங்கி நிரல்களை) கண்டுபிடிக்கும் அமைப்புக்கு ஒரு கோப்பு தயாரிக்கும் குவெரி, சிஸ்டம் டேபிளிலிருந்து நெடுவரிசைப் பெயர்களை எடுக்கும்போது எந்த டேட்டாபேஸ் என்று வடிகட்டவில்லை. மாற்றம் போன நோடில் அடியில் இருந்த இன்னொரு டேட்டாபேஸின் டேபிள்களும் கண்ணுக்குத் தெரிந்தன, பெயர்கள் இரட்டித்து வந்தன. கோப்பு பெருத்தது. அதைப் படிக்கும் மென்பொருளில் 200 என்ற எல்லை இருந்தது, அதைத் தாண்டியதும் அது விழுந்தது. ஏராளமான இணையதளங்கள் பல மணி நேரம் தடுமாறின. என் கவனம் நின்ற இடம் வேறு. அந்தக் கோப்பு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உருவானது. குவெரி மாறிய நோடில் விழுந்தால் கெட்ட கோப்பு, மாறாத நோடில் விழுந்தால் நல்ல கோப்பு. அதனால் அமைப்பு விழுவதும் எழுவதுமாக இருந்தது. முதலில் பெரிய தாக்குதல் நடக்கிறதோ என்றுகூட அவர்கள் சந்தேகித்தார்கள். 'சில நேரம் சரி, சில நேரம் தப்பு' என்பது கிளஸ்டரில் பெரும்பாலும் 'சில நோடு சரி, சில நோடு தப்பு' என்பதுதான்.

ஆகவே ஒவ்வொரு நோடையும் தனித்தனியாகக் கேளுங்கள். 'கிளஸ்டர் ஆல் ரெப்ளிகாஸ்' என்ற டேபிள் ஃபங்ஷன் எல்லா ரெப்ளிகாக்களையும் கேட்கும். வெறும் 'கிளஸ்டர்' ஃபங்ஷன் ஷார்டுக்கு ஒன்றைத்தான் கேட்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் உள்ளூர் டேபிளைக் கொடுத்து, 'ஹோஸ்ட் நேம்' ஃபங்ஷனால் குழுவாக்கி எண்ணிக்கை எடுங்கள். இன்றைய டேட்டாவை விட்டுவிட்டு, நேற்று வரையிலான டேட்டாவை மட்டும் எண்ணுங்கள். இல்லாவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் இன்சர்ட்கள் கண்ணைக் குழப்பும். ஒரே ஷார்டின் இரண்டு ரெப்ளிகாக்களும் ஒரே எண் சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை என்றால், உங்கள் அமைப்பில் நான் முதலில் பார்ப்பது டேபிள் என்ஜின், அதாவது டேபிளின் வகை. ஆறு நோடுகளிலும் டேபிளின் வரையறையை எடுத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரு நோடில் மட்டும் யாரோ கையால் சாதாரண மெர்ஜ் ட்ரீயாக உருவாக்கியிருக்கலாம். எல்லா ஷார்டுகளையும் ஒரே டேபிளாகக் காட்டும் டிஸ்ட்ரிபியூட்டட் டேபிளின் கன்ஃபிகில் 'இன்டர்னல் ரெப்ளிகேஷன்' ட்ரூ என்றால், அது ஷார்டுக்கு ஒரு ரெப்ளிகாவில் மட்டும் எழுதிவிட்டு மற்றதை டேபிளே பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடும். டேபிள் ரெப்ளிகேட் ஆகாத வகை என்றால் பாதி டேட்டா இங்கே, பாதி அங்கே. அடுத்தது மேக்ரோக்கள், அதாவது ஒவ்வொரு சர்வரின் கன்ஃபிகிலும் அதன் ஷார்டு, ரெப்ளிகா பெயரைச் சொல்லும் வரிகள். ஒரு சர்வரின் கன்ஃபிகை நகலெடுத்து இன்னொன்றுக்கு வைக்கும்போது ஷார்டு எண்ணை மாற்ற மறந்தால், ஜோடியாக இருக்க வேண்டிய இரண்டு ரெப்ளிகாக்கள் கீப்பரில் வெவ்வேறு பாதையில் தனித்தனியாகக் குடித்தனம் நடத்தும். இரண்டுக்கும் எந்தப் பிழையும் வராது. ஒவ்வொன்றும் தான் நலம் என்றே சொல்லும்.

இரண்டும் சரியாக இருந்தும் ஒன்று குறைவாகச் சொன்னால் அது பின்தங்கியிருக்கிறது. 'ரெப்ளிகாஸ்' டேபிளில் 'அப்சல்யூட் டிலே' எத்தனை விநாடி என்று காட்டும். டிஸ்ட்ரிபியூட்டட் குவெரி சாதாரணமாக 300 விநாடிக்கு மேல் பின்தங்கிய ரெப்ளிகாவைத் தவிர்க்கும். எல்லாமே பின்தங்கியிருந்தால் பழைய பதிலையே கொடுக்கும், அதுதான் இயல்பான செட்டிங். டிஸ்ட்ரிபியூட்டட் டேபிள் வழியாக எழுதினால் இன்னொரு சேமிப்பிடமும் உண்டு. இன்சர்ட்டை வாங்கிய நோடு அதைத் தன் டிஸ்க்கில் வைத்துக்கொண்டு, பிறகு மெதுவாக மற்ற ஷார்டுகளுக்கு அனுப்பும். 'டிஸ்ட்ரிபியூஷன் க்யூ' டேபிளில் கோப்புகள் தேங்கி நின்றால், 'எழுதியாயிற்று' என்று பதில் வாங்கிய டேட்டா இன்னும் வழியில் நிற்கிறது.

'ஸ்கிப் அன்அவைலபிள் ஷார்ட்ஸ்' செட்டிங்கை உங்கள் டாஷ்போர்டு 1 என்று அனுப்புகிறதா என்று பாருங்கள். அப்படியானால், ஒரு ஷார்டு எட்டாதபோது பிழை காட்டாமல், எட்டும் ஷார்டுகளின் கூட்டுத்தொகையை மட்டும் முழுப் பதில் மாதிரி கொடுத்துவிடும். விற்பனைத் தொகையைக் காட்டும் பக்கத்தில் இதை யாரும் இயக்கவே கூடாது என்பது என் கருத்து. பிழை காட்டுகிற பக்கத்தை ஆட்கள் சந்தேகிப்பார்கள், மூன்றில் ஒரு பங்கு காணாமல் போன எண்ணை நம்பி முடிவெடுத்துவிடுவார்கள்.

பிழையே இல்லாத இரண்டு நிகழ்வுகளையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் நாள்கணக்கில் தேடியிருக்கிறார்கள். 'ரீப்ளேசிங் மெர்ஜ் ட்ரீ' பழைய பதிவை மெர்ஜ் நடக்கும்போதுதான் நீக்கும். இரண்டு ரெப்ளிகாக்களிலும் மெர்ஜ் ஒரே விநாடியில் முடியாது, ஆகவே 'ஃபைனல்' போடாமல் எண்ணினால் வேறு வேறு எண் வரும். இரண்டாவது, ரெப்ளிகேட் டேபிளில் அச்சு அசலாக ஒரே தொகுப்பைத் திரும்ப அனுப்பினால் கிளிக்ஹவுஸ் அதை அமைதியாக விட்டுவிடும். நெட்வொர்க் அறுந்து மறுபடி அனுப்பும்போது இரட்டிக்காமல் காப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரே சோதனைப் பதிவை இரண்டு முறை போட்டுவிட்டு 'எண்ணிக்கை ஏறவில்லையே' என்று தேட வேண்டாம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து வரப்போவது மெமரி. பிழை எண் 241. செய்தியில் 'டோட்டல்' என்று இருக்கிறதா, 'குவெரி' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குவெரி என்றால் அந்தக் குவெரியே பெரிது. டோட்டல் என்றால் சர்வரே நிரம்பிவிட்டது, பிழை வாங்கிய குவெரி அப்பாவியாகவும் இருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டட் குவெரியில் ஒவ்வொரு ஷார்டும் தன் பங்கைச் சுருக்கி, குவெரியை வாங்கிய நோடுக்கு அனுப்பும். கோடிக்கணக்கான வாடிக்கையாளர் எண்ணால் 'குரூப் பை' போட்டால் சுருங்க ஒன்றுமில்லை, எல்லாம் அந்த ஒரே நோடின் தலையில் விழும். டாஷ்போர்டு எப்போதும் முதல் சர்வரையே கூப்பிடுகிறது என்றால் அது மட்டும் சாவதற்குக் காரணம் அதுதான், லோட் பேலன்சர் வையுங்கள். 'குரூப் பை'-ஐ டிஸ்க்கில் வழிய விடும் எல்லையை, குவெரிக்கான மெமரி எல்லையில் பாதியாக வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஜாயின் செய்யும்போது சின்ன டேபிளை வலப்பக்கம் வையுங்கள். வழக்கமான முறையில் வலப்பக்கம்தான் முழுக்க மெமரிக்குப் போகும். அதுவும் பெரிது என்றால், மெமரி போதாதபோது டிஸ்க்கையும் பயன்படுத்தும் 'கிரேஸ் ஹேஷ்' முறையைக் கேளுங்கள்.

டிஸ்க் நிறைந்தால், டேட்டா டைரக்டரிக்குள் புகுந்து கையால் எதையும் அழிக்காதீர்கள். மெர்ஜில் கலந்த பழைய பார்ட்கள் 8 நிமிடம் கழித்துத்தான் போகும், நீக்கிய டேபிளும் அதேபோல 8 நிமிடம் காத்திருக்கும். அதுவரை பொறுங்கள். பெரும்பாலும் இடத்தைத் தின்பது 'ட்ரேஸ் லாக்', 'குவெரி லாக்' போன்ற சிஸ்டம் டேபிள்கள்தான், அவற்றுக்கு டிடிஎல் (TTL, பழைய பதிவுகளைத் தானாக நீக்கும் காலக்கெடு) போட்டு வையுங்கள். 'டிடாச்டு' டைரக்டரியையும், பேக்கப்புக்காக 'ஃப்ரீஸ்' செய்து மறந்துபோன 'ஷேடோ' டைரக்டரியையும் பாருங்கள்.

உங்கள் கிளஸ்டரில் இந்த வாரம் நான் செய்வது இந்த வரிசையில் இருக்கும். முதலில் நாற்பது சர்வீஸ்களுக்கும் பொதுவான யூசர் ப்ரொஃபைலில் 'அசிங்க் இன்சர்ட்' இயக்கம். கோடில் கை வைக்க வேண்டாம், அன்றைக்கே பலன் தெரியும், கீப்பருக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். அப்புறம் கீப்பரைத் தனி எஸ்எஸ்டிக்கு நகர்த்துவது. மூன்றையும் ஒன்றாக நிறுத்திவிடாதீர்கள். மூன்றில் இரண்டு உயிரோடு இருந்தால்தான் எழுத முடியும். லீடர் இல்லாத ஒன்றை நிறுத்தி, லாக் மற்றும் ஸ்னாப்ஷாட் டைரக்டரிகளைப் புது டிஸ்க்குக்கு நகலெடுத்து, கன்ஃபிகில் பாதையை மாற்றி ஏற்றுங்கள். 'எம் என் டி ஆர்' வெளியீட்டில் லீடரிடம் ஒத்திசைந்த ஃபாலோயர்கள் 2 என்று காட்டும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். லீடரைக் கடைசியாக வையுங்கள். இது முடிந்து ஒரு நாள் ஓடட்டும். பார்ட் எண்ணிக்கை இறங்குகிறதா என்று பார்ட்டிஷன் வாரியாக எடுத்து வையுங்கள். மாதவாரிப் பார்ட்டிஷனோடு புது டேபிள் உருவாக்கி டேட்டாவை நகர்த்தும் பெரிய வேலையை அதற்குப் பிறகு ஆரம்பிக்கலாம், அவசரம் இல்லை. ரெப்ளிகாக்களை எண்ணி ஒப்பிடும் வேலைக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம், அதை இன்றே செய்துவிடுங்கள். ஆறு வரி பதில் வரும். ஜோடிகளில் எது பொருந்தவில்லை என்று சொன்னால், அந்த இரண்டு நோடுகளின் டேபிள் வரையறையையும் மேக்ரோக்களையும் வைத்து மேற்கொண்டு பார்க்கலாம்.